பங்குதாரர் கையிலிருக்கும் காப்பீட்டுக் கம்பெனி பாலிசிதாரர் கைக்கு மாறுவது எப்படி?

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது 1998, 1999 பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஷேர் கதைக்கு வந்துவிடுவார்கள். "பாலிசி வச்சிருந்தவங்களுக்கெல்லாம் சும்மா ஷேர் குடுத்தாங்களே!" என்பார்கள். முதலில் சன்லாம் என்ற காப்பீட்டுக் கம்பெனி கொடுத்தது, அடுத்த வருடம் ஓல்ட் மியூச்சுவல் என்ற இன்னொன்று. சாட்ஸ்வர்த்தில் அதை விற்று வீட்டுக்குப் பின்னால் இன்னொரு அறை கட்டியவர்கள் உண்டு. விற்காமல் வைத்துக்கொண்டு டிவிடெண்ட் வாங்குகிறவர்களும் உண்டு.

அந்தப் பேச்சில் "சும்மா" என்ற ஒன்றுதான் தப்பு. அதுவரைக்கும் அந்த இரண்டு கம்பெனிகளுக்கும் பாலிசிதாரர்களே உரிமையாளர்கள். தங்களுடையதாக ஏற்கெனவே இருந்த ஒன்றைத்தான் பங்காகப் பிரித்து வாங்கிக்கொண்டார்கள். உறுப்பினர் என்ற உரிமை போயிற்று, அதற்குப் பதில் பங்கு வந்தது.

நான் சொல்ல வந்தது இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கும் காரியத்தை. பங்குதாரர்களுக்குச் சொந்தமாக இருக்கும் காப்பீட்டுக் கம்பெனி, பாலிசிதாரர்களுக்கே சொந்தமான மியூச்சுவல் கம்பெனியாக மாறுவது. அபூர்வமாக நடப்பதுதான். ஆனால் இதைப் புரிந்துகொண்டால், உங்கள் பாலிசியில் வருடாவருடம் ஏறும் போனஸ் எங்கிருந்து வருகிறது, யாரோடு பங்கு போட்டுக்கொண்டு வருகிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது முதலீட்டுத் திட்டம். இங்கே பேச்சு இன்சூரன்ஸ் கம்பெனியைப் பற்றி.

மிச்சம் யாருக்கு?

நம் கோயில்களை ஒட்டி நடக்கும் மரண உதவிச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் இவ்வளவு என்று எல்லாரும் போடுகிறார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் செலவுக்குப் பணம் போகிறது. வருடக் கடைசியில் எதிர்பார்த்ததைவிடச் சாவு குறைவாக இருந்தால் பெட்டியில் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம் யாருடையது என்று அங்கே யாரும் சண்டை போடுவதில்லை. போட்டவர்களுடையது. அடுத்த வருடம் சந்தாவைக் குறைக்கலாம், உதவித் தொகையை ஏற்றலாம், அப்படியே வைத்திருக்கலாம். மியூச்சுவல் கம்பெனியின் அடிப்படை இவ்வளவுதான். அளவு பெரியது, ஆபத்தையும் பணத்தையும் கணக்குப் போட ஆக்சுவரி என்ற நிபுணர் இருக்கிறார், தலைக்கு மேல் சட்டம் இருக்கிறது.

பங்குக் கம்பெனியில் இந்த மிச்சத்துக்கு இன்னொரு உரிமைக்காரர் வந்து சேருகிறார். கம்பெனி ஆரம்பிக்கும்போது முதல் போட்டவர். அவர் வருவதிலும் நியாயம் இருக்கிறது. கடை திறந்த முதல் வருடமே நாலு பெரிய இழப்பீடு வந்தால், அதுவரை சேர்ந்த பிரீமியத்தில் அதைக் கொடுத்து மாளாது. யாரோ ஒருவர் தன் பணத்தை ஆபத்தில் வைக்க வேண்டும். வைத்தவர் லாபத்தில் பங்கு கேட்பார், கம்பெனியை நடத்தும் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் கேட்பார்.

ஆயுள் காப்பீட்டில் மிச்சம் எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பிரீமியத்தை நிர்ணயிக்கும்போது ஆக்சுவரி வேண்டுமென்றே கொஞ்சம் பயந்து கணக்குப் போடுவார். இத்தனை பேர் இறப்பார்கள், முதலீட்டில் இவ்வளவுதான் வட்டி வரும், அலுவலகச் செலவு இவ்வளவு ஆகும் என்று. நடப்பு அந்தப் பயத்தைவிட நன்றாக இருந்தால் வித்தியாசம் உபரியாக நிற்கிறது. அதாவது உபரியில் பெரும்பகுதி, பாலிசிதாரர் தேவைக்கு மேல் முன்கூட்டிக் கொடுத்து வைத்த பணம். லாபப் பங்கு சேர்ந்த பாலிசியில் அதை போனஸாகத் திருப்பித் தருகிறார்கள். உங்களிடம் அப்படிப்பட்ட பாலிசி இருந்தால் வருடக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். உறுதி செய்த தொகை ஒரு வரி, இதுவரை சேர்ந்த போனஸ் ஒரு வரி, சில கம்பெனிகளில் முதிர்வின்போது தரும் கடைசி போனஸ் இன்னொரு வரி. இரண்டாவது, மூன்றாவது வரிகளில்தான் பங்குதாரரும் நீங்களும் ஒரே தட்டில் கை வைக்கிறீர்கள்.

சாவுச் செலவுக்கு மட்டும் எடுக்கும் பாலிசி, குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் எடுக்கும் பாலிசி இவற்றில் பொதுவாக போனஸ் கிடையாது. சொன்ன தொகை வரும், அவ்வளவுதான். உரிமை மாற்றம் நடந்தாலும் இவர்களுக்கு ஓட்டு கிடைக்குமா, உபரியில் பங்கு உண்டா என்பது அந்தந்தத் திட்டத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

3,514 டாலருக்காக 25 லட்சம் டாலர்

சரி, பங்குதாரர் கொஞ்சம் டிவிடெண்ட் எடுத்துக்கொண்டு போகட்டுமே, அவரை எதற்கு வெளியேற்ற வேண்டும்? இதற்கு அமெரிக்காவில் நடந்த ஈக்விட்டபிள் கம்பெனிக் கதையைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஹென்றி ஹைட் என்பவர் 1859-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி அது. பங்கு மூலதனம் வெறும் 1,00,000 டாலர். பங்குக்கு 100 டாலர் வீதம் ஆயிரம் பங்கு. டிவிடெண்ட் வருடத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று கம்பெனியின் சாசனத்திலேயே எழுதியிருந்தது. மீதி உபரியெல்லாம் பாலிசிதாரருக்கு. படிக்கும்போது கிட்டத்தட்ட மியூச்சுவல் மாதிரியே இருக்கிறதல்லவா?

ஹென்றி ஹைட் 1899-இல் இறந்தார். 502 பங்குகள் மகன் ஜேம்ஸுக்கு வந்தன. பாதிக்கு மேல் இரண்டு பங்கு, அது போதும். 1905 ஜனவரியில் ஜேம்ஸ் ஒரு பெரிய விருந்து வைத்தார். பிரெஞ்சு அரண்மனை பாணியில் அலங்காரம், வேடம், ஆட்டம் பாட்டம். அதற்கான செலவு கம்பெனிக் கணக்கில் எழுதப்பட்டது என்று வதந்தி கிளம்பியது. அது நிரூபணமாகவில்லை. ஆனால் அதற்குள் கம்பெனிக்குள் இருந்த சண்டை தெருவுக்கு வந்துவிட்டது. கம்பெனியை மியூச்சுவலாக மாற்று என்ற குரல் எழுந்தது. அந்த வருடமே ஜேம்ஸ் தன் 502 பங்குகளையும் தாமஸ் ஃபார்ச்சூன் ரயன் என்ற பணக்காரருக்கு 25 லட்சம் டாலருக்கு விற்றார்.

இப்போது கணக்குப் போடுங்கள். 502 பங்கு, பங்குக்கு வருடம் 7 டாலர். மொத்தம் 3,514 டாலர். அந்த வருமானத்துக்காக எந்த மனிதராவது 25 லட்சம் கொடுப்பாரா? முதலைத் திரும்ப எடுக்கவே எழுநூறு வருடம் ஆகும். ரயன் வாங்கியது டிவிடெண்டை நம்பி இல்லை. அந்தக் கம்பெனியிடம் பாலிசிதாரர்களின் பணம் 40 கோடி டாலருக்கு மேல் இருந்தது. அதை எந்த வங்கியில் போடுவது, எந்த ரயில்வேக் கம்பெனியின் பத்திரத்தை வாங்குவது என்று சொல்லும் நாற்காலிக்குத்தான் அந்த விலை.

நியூயார்க் சட்டமன்றம் அதே வருடம் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளை விசாரிக்க ஆம்ஸ்ட்ராங் கமிட்டியை அமைத்தது. விசாரணையை நடத்திய வழக்கறிஞர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் பின்னாளில் அமெரிக்காவின் தலைமை நீதிபதி ஆனார். ஈக்விட்டபிள் பங்குகளோ ரயனிடமிருந்து பெரும் வங்கி முதலாளி ஜே. பி. மார்கனிடமும், பிறகு தொழிலதிபர் கோல்மன் டூ பான்டிடமும் போய்ச் சேர்ந்தன. 1917-இல் தொடங்கிய மியூச்சுவல் மாற்றம் 1925-இல்தான் முடிந்தது.

பணம் எங்கிருந்து?

இனி நடைமுறை. பங்குதாரரை "போய்விட்டு வாருங்கள்" என்று சும்மா அனுப்ப முடியாது. பங்கு அவருடைய சொத்து. அதைக் கம்பெனி விலைக்கு வாங்க வேண்டும். கம்பெனி எந்தப் பணத்தில் வாங்கும்? உபரியில். உபரி யாருடைய பணம்? மேலே பார்த்தோம், பெரும்பகுதி பாலிசிதாரர் முன்கூட்டிக் கொடுத்தது. ஆக, பாலிசிதாரர்கள் தங்கள் பணத்தையே கொடுத்து, தங்கள் பணத்தின் மேல் இருக்கும் அடுத்தவர் பிடியை விடுவிக்கிறார்கள். விலை எவ்வளவு என்பதில்தான் இந்த மாற்றத்தின் நன்மை தீமை முழுவதும் அடங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் சம்பிரதாயம் என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். சொத்து 1,000 மில்லியன் ராண்ட். பாலிசிதாரர்களுக்கு வருங்காலத்தில் கொடுக்க வேண்டியதற்காக ஆக்சுவரி ஒதுக்கச் சொல்வது 880 மில்லியன். மிச்சம் 120 மில்லியன் உபரி. ஆபத்துக்காகக் குறைந்தது 70 மில்லியன் கையில் இருந்தே ஆக வேண்டும் என்று மேற்பார்வை அதிகாரி சொல்கிறார். அப்படியானால் எடுத்துச் செலவழிக்கக்கூடியது 50 மில்லியன்தான். கம்பெனி வருடத்துக்கு 20 மில்லியன் சம்பாதிக்கிறது. அதில் 12 போனஸாகவும் 8 டிவிடெண்டாகவும் போகிறது.

பங்குதாரர்கள் மொத்தப் பங்குக்கும் 80 மில்லியன் கேட்கிறார்கள். அவர்கள் வாதம் சுலபம். "வருடம் 8 மில்லியன் வருகிறது. பத்து சதவீத வருமானம் நியாயம் என்றால் இதன் மதிப்பு 80. அதோடு, கம்பெனி எங்களுடையது என்பதால் 120 உபரியிலும் எங்களுக்கு உரிமை இருக்கிறது. உண்மையில் குறைத்துத்தான் கேட்கிறோம்." பாலிசிதாரர் பக்கத்து ஆக்சுவரி சொல்வது வேறு. "நீங்கள் ஆரம்பத்தில் போட்ட மூலதனம் 5 மில்லியன்தான். மற்றது பிரீமியத்திலிருந்து சேர்ந்தது. அதற்கு இத்தனை வருடம் டிவிடெண்டும் வாங்கிவிட்டீர்கள்." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இதில் சுயேச்சையான மதிப்பீட்டாளரும் சில நேரம் நீதிமன்றமும் தேவைப்படுகிறது.

80 என்றே முடிவானதாக வைத்துக்கொள்வோம். 50 இப்போது, மீதி 30 தவணையில். இனி டிவிடெண்ட் கிடையாது, அந்த வருடாந்திர 8 மில்லியன் மிச்சம். அதில் தவணையை அடைக்க ஏறக்குறைய நான்கு வருடம். உபரியில் தோண்டிய 50 மில்லியன் பள்ளத்தை நிரப்ப இன்னும் ஆறு வருடத்துக்கு மேல். வட்டிக் கணக்கை விட்டுவிட்டால்கூட மொத்தம் பத்து வருடம். அதுவரை போனஸ் ஒரு ராண்ட் ஏறாது.

இதைப் பாலிசிதாரர் முகங்களில் வைத்துப் பாருங்கள். ஏழாவது வருடத்தில் பாலிசி முதிரப் போகும் ஒரு பெரியம்மாவுக்கு இந்த மாற்றத்தால் ஒன்றும் வராது. மெலிந்துபோன கையிருப்போடு ஏழு வருடம் ஓட்டியதுதான் மிச்சம். இருபத்தைந்து வயதில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு பத்தாவது வருடத்துக்கு அப்புறம் முழுப் பலன். விலை 80-க்குப் பதில் 48 என்று முடிந்திருந்தால் பத்து வருடம் ஆறாகக் குறையும், பெரியம்மாவுக்கும் ஏதோ கொஞ்சம் கிடைக்கும்.

படிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும் அச்சு ஒன்றுதான். இயக்குநர் குழு திட்டம் தயாரிக்கும். மேற்பார்வை அதிகாரி கணக்கைச் சோதித்து அனுமதி தருவார். பங்குதாரர்கள் தனியாக, பாலிசிதாரர்கள் தனியாக ஓட்டுப் போடுவார்கள். அப்புறம் பங்குகளைக் கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும். வாங்கிய பங்குகளை உடனே கிழித்துப் போடுவதில்லை. அமெரிக்காவில் நடந்த மாற்றங்களில் அவற்றை அறங்காவலர்களிடம் கொடுத்து, பாலிசிதாரர்கள் சார்பில் அந்த ஓட்டுகளை அவர்களே போட ஏற்பாடு செய்தார்கள். கடைசிப் பங்கும் வந்த பிறகு எல்லாவற்றையும் ரத்து செய்வார்கள்.

அந்தக் கடைசிப் பங்கு லேசில் வராது. நியூ ஜெர்சியின் புருடென்ஷியல் கம்பெனி 1915-இல் மாற்றத்தைத் தொடங்கியது. நீதிமன்றம் நியமித்த மதிப்பீட்டாளர்கள் பங்குக்கு 455 டாலர் என்று விலை வைத்தார்கள். பெரும்பாலானவர்கள் விற்றுவிட்டார்கள், ஒரு சிலர் மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார்கள். 1943-இல்தான் அது முழு மியூச்சுவல் ஆனது. முதல் உலகப் போர் நடக்கும்போது தொடங்கியது, இரண்டாவது நடக்கும்போதுதான் முடிந்தது.

நம் நாட்டில் பங்குதாரர் ஒருவருக்கு விலை பிடிக்காவிட்டால் என்ன செய்யலாம்? 2008-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில், கம்பெனியை அடியோடு மாற்றும் சில தீர்மானங்களை எதிர்த்தவர் தன் பங்குக்கு நியாய விலை தரும்படி கேட்கவும், ஒத்து வராவிட்டால் நீதிமன்றம் போகவும் வழி இருக்கிறது. காப்பீட்டுக் கம்பெனிகளின் பண பலத்தைக் கண்காணிப்பது ரிசர்வ் வங்கியில் இயங்கும் புருடென்ஷியல் அத்தாரிட்டி. மேலே சொன்ன அமெரிக்கக் கம்பெனிக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

யாருக்கு இந்த ஆசை?

பாலிசிதாரர்கள் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டு இந்த மாற்றம் வந்ததாக நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஆரம்பித்து வைத்தது நிர்வாகமே. கனடாவில் 1950-களில் அங்கத்திய ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளின் பங்குகளை வெளிநாட்டார், முக்கியமாக அமெரிக்கர், வாங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிகள் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து, மியூச்சுவலாக மாற 1957-இல் சட்டம் வழி செய்தது. சன் லைஃப் 1962-இல் மாறி முடித்தது. இன்னும் சில பெரிய கம்பெனிகளும் அதே வழியில் போயின. பங்கே இல்லாத கம்பெனியை எவன் வந்து வாங்குவான்?

நாட்டுப்பற்று அதில் இருந்தது உண்மைதான். கூடவே நிர்வாகிகளின் நாற்காலியும் பத்திரமானது. பங்குதாரர் தொல்லை போனால் கேள்வி கேட்க ஆளில்லை. லட்சக்கணக்கில் சிதறிக் கிடக்கும் பாலிசிதாரர்களா ஆண்டுக் கூட்டத்துக்கு வந்து கணக்குக் கேட்கப் போகிறார்கள்? மியூச்சுவலைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதை லேசாகத் தாண்டிப் போவது எனக்கு ஒப்பவில்லை.

ஜப்பான் கதை வேறு மாதிரி. போரில் எல்லாம் சிதைந்த பிறகு, 1889-இல் பங்குக் கம்பெனியாகத் தொடங்கிய நிப்பான் லைஃப் 1947-இல் மியூச்சுவலாக மறுபிறவி எடுத்தது. வேறு பல கம்பெனிகளும் அப்படியே.

நம் தென்னாப்பிரிக்காவிலும் இது நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஓல்ட் மியூச்சுவல் 1845-இல் கேப் டவுனில் ஜான் ஃபேர்பேர்ன் முன்னின்று தொடங்கியபோதே மியூச்சுவல். அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சன்லாம் அப்படி இல்லை. 1918-இல் ஆஃப்ரிகானர்களின் பொருளாதார முன்னேற்றத்துக்கென்று சாண்டாம் என்ற காப்பீட்டுக் கம்பெனியின் கிளையாகப் பிறந்து, 1950-களில் மியூச்சுவலாகி, 1998-இல் மறுபடி பங்குக் கம்பெனி ஆனது. போய்த் திரும்பிய பயணம். அதே 1918-இல் புளூம்ஃபொன்டெயினில் தொடங்கிய அவ்பாப் 1951-இல் மியூச்சுவலாக மாறியது, இன்றுவரை அப்படியே இருக்கிறது. சவ அடக்க நிலையங்கள், சவப்பெட்டித் தொழிற்சாலை என்று சாவு சம்பந்தப்பட்ட வேலை முழுவதையும் தானே பார்க்கும் கம்பெனி அது. பெருநகரமோ சிற்றூரோ, அந்தப் பெயர்ப் பலகை கண்ணில் படாமல் போகாது.

அவ்பாப் மாதிரி நின்றவை குறைவு, சன்லாம் மாதிரித் திரும்பியவையே அதிகம். ஈக்விட்டபிள் 1992-இல் பங்குக் கம்பெனி ஆகிவிட்டது. சன் லைஃப் 2000-இல், புருடென்ஷியல் 2001-இல். ஸ்காட்லாந்தின் ஸ்டாண்டர்ட் லைஃப் 1925-இல் மியூச்சுவலாகி 2006-இல் திரும்பியது. காரணம் பெரும்பாலும் மூலதனம்தான். பங்குக் கம்பெனிக்குப் பணம் வேண்டுமென்றால் புதிய பங்கு வெளியிடும். மியூச்சுவலுக்கு அந்தக் கதவு இல்லை. உபரியைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கடன் வாங்க வேண்டும். இன்னொரு கம்பெனியை வாங்கவோ வெளிநாடு போகவோ ஆசைப்படும் நிர்வாகத்துக்கு அது போதாது.

இந்தப் போய்த் திரும்பும் பயணத்தில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஈக்விட்டபிளில் 1917 முதல் 1925 வரை பங்குகளை வாங்கக் கொடுத்த பணம் அன்றைய பாலிசிதாரர்களின் உபரி. 1992-இல் உரிமைக்குப் பதிலாகப் பங்கோ பணமோ வாங்கியவர்கள் அன்றைக்குப் பாலிசி வைத்திருந்தவர்கள். நடுவில் அறுபத்தைந்து வருடத்துக்கு மேல். விலை கொடுத்தவர்களில் அநேகமாக யாருமே உயிரோடு இல்லை. மியூச்சுவல் உரிமையை விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. பாலிசி முதிர்ந்த அன்றோ கைவிட்ட அன்றோ அது போய்விடும். ஆகவே தலைமுறை தலைமுறையாகச் சேரும் கையிருப்பு, கதவு திறக்கிற நாளில் உள்ளே இருப்பவருக்குப் போகிறது. 1999-இல் நம் ஊரில் பங்கு வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 1998-லேயே பாலிசியை முடித்துக்கொண்டவர்களும் அதற்கு முன் இருபது முப்பது வருடம் பிரீமியம் கட்டியவர்கள்தான்.

பங்குதாரர் இல்லாத இடத்தில்

மியூச்சுவல் ஆனதும் கவலை விட்டது என்று நினைத்தால் பிரிட்டனின் ஈக்விட்டபிள் லைஃபைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனி வேறு, இது வேறு. 1762-இல் தொடங்கிய பழம்பெரும் மியூச்சுவல். பங்குதாரருக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் போனஸைத் தாராளமாகக் கொடுத்தது, கையிருப்பை மெல்லியதாக வைத்தது. சில பாலிசிகளுக்கு முன்பு உறுதி கொடுத்த ஓய்வூதிய விகிதம் வட்டி குறைந்த காலத்தில் கழுத்தை நெரித்தது. அந்த உறுதியை வைத்திருந்தவர்களுக்குக் கடைசி போனஸைக் குறைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். 2000 ஜூலையில், அன்றைக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. வாங்க ஆள் தேடியும் கிடைக்கவில்லை. டிசம்பரில் புதிய பாலிசி எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நஷ்டத்தைத் தாங்க வெளியார் முதல் ஏதும் இல்லாததால், ஒரு பகுதி பாலிசிதாரருக்குக் கொடுத்த வாக்குறுதியின் சுமை மற்றப் பாலிசிதாரர் தலையில் விழுந்தது.

லாபத்தில் பங்கு கேட்கும் பங்குதாரர், நஷ்டம் வந்தால் முதலில் அடி வாங்குகிறவரும் அவரே. அவரை வெளியே அனுப்பினால் அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். கையிருப்பு தடிமனாக இருந்தால் நிற்கலாம். பங்கு வாங்குகிற செலவில் அதைச் சுரண்டிவிட்டு நிற்பது வேறு.

உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு உறை வந்தால்

கனமாக இருக்கும். ஒரு தடித்த புத்தகம், அதன் சுருக்கம், தலைவரின் கடிதம், ஒரு ஓட்டுப் படிவம். தலைவரின் கடிதம் இனிக்க இனிக்க இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு சுயேச்சை ஆக்சுவரியின் அறிக்கைச் சுருக்கத்தைத் தேடுங்கள். அதில் நான் பார்ப்பது மூன்றே விஷயம். பங்குக்கு என்ன விலை, எந்த அடிப்படையில். அதைக் கொடுத்த பிறகு கையிருப்பு, வைத்தே ஆக வேண்டிய அளவைவிட எவ்வளவு மேலே நிற்கும். விலை எத்தனை வருடத்தில் தீரும். மூன்றாவது எண்ணை உங்கள் பாலிசி முதிரும் வருடத்தோடு ஒப்பிட்டால் இந்தத் திட்டம் உங்களுக்கா, உங்களுக்கு அப்புறம் வருபவர்களுக்கா என்பது தெரிந்துவிடும். பின்னால் வருபவர்களுக்காக ஓட்டுப் போடுவதும் ஒரு முடிவுதான். தெரிந்து போட வேண்டும், அவ்வளவே.

உறுப்பினர் யார் என்ற பக்கத்தையும் விடாதீர்கள். லாபப் பங்குப் பாலிசிக்காரர் மட்டுமா, எல்லாருமா? ஆளுக்கு ஒரு ஓட்டா, பாலிசித் தொகைக்கு ஏற்பவா? பின்னாளில் மறுபடி பங்குக் கம்பெனியாக மாற எத்தனை பேர் சம்மதம் வேண்டும்? கடைசிக் கேள்விக்கு எளிதான பதில் எழுதியிருந்தால், போய்த் திரும்பும் பயணத்துக்கு டிக்கெட்டை இப்போதே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உறுதி செய்த தொகையும் இதுவரை எழுதிக் கொடுத்த போனஸும் ஒப்பந்தத்தில் இருப்பவை. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாலும் கம்பெனி அவற்றைக் கொடுத்தாக வேண்டும். திட்டம் தோற்றால் கம்பெனி பழையபடி பங்குதாரருடையதாகவே இருக்கும், பிரீமியமும் பழையபடி வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும்.

ஓட்டுப் படிவத்தில் உங்களுக்குப் பதிலாக ஓட்டுப் போடுபவர் என்ற இடத்தில் பொதுவாகக் கூட்டத் தலைவரின் பெயரை முன்பே அச்சடித்திருப்பார்கள். வெறுமனே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அந்த ஓட்டு அவர் விருப்பப்படி போகும். ஆதரவா எதிர்ப்பா என்ற கட்டத்தில் நீங்களே குறியிடுங்கள், இல்லாவிட்டால் அச்சடித்த பெயரை அடித்துவிட்டு உங்கள் நம்பிக்கைக்குரியவர் பெயரை எழுதுங்கள். கடைசித் தேதி உறையின் மேல் இருக்காது, படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும்.